ரெமிங்டன் 700-க்கு மாற்று டிரிகர்: டிம்னியா, டிரிகர்டெக்கா?

#1 வேலன்_ஆஸ்டின்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் இருந்த பெரியவர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு தங்கப் போகிறார். போவதற்கு முன் தன்னுடைய ரெமிங்டன் 700 வேட்டைத் துப்பாக்கியை எனக்கு விற்றார். .30-06 தோட்டா போடும் வகை, வால்நட் மரத்தில் செய்த ஸ்டாக் (கட்டை), குழல் நல்ல நிலையில் இருக்கிறது. மூன்று வாரமாக ரேஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்க்கிறேன். எனக்குள்ள ஒரே குறை டிரிகர்தான். இழுக்க இழுக்க மணலில் இழுப்பதுபோல் வருகிறது, எந்த இடத்தில் விடும் என்று தெரிவதில்லை. டிரிகரை இழுக்க எவ்வளவு விசை வேண்டும் (இதைத்தான் டிரிகரின் எடை என்பார்கள்) என்று பார்க்கும் கருவியை இரவல் வாங்கிப் பத்து முறை அளந்தேன். ஒரு தடவை நாலேகால் பவுண்டு, அடுத்த தடவை ஐந்தே முக்கால்.

நவம்பரில் நண்பர் ஒருவரின் நிலத்தில், டெக்சஸில் லானோ பக்கம், வெண்வால் மான் வேட்டைக்குப் போகிறேன். மற்ற நாட்களில் 100, 200 கெஜத்தில் காகித இலக்குதான். 200 டாலருக்குள் டிம்னி 510 அல்லது டிரிகர்டெக் ப்ரைமரி என்று யோசித்து வைத்திருக்கிறேன். எது நல்லது? இரண்டு பவுண்டுக்கும் கீழே இறக்கி வைத்தால் இன்னும் நன்றாகச் சுடலாமா?

#2 நெடுந்தூரம்

வாழ்த்துகள் வேலன். நான் நெடுந்தூரப் போட்டிகளுக்குப் போகிறவன். என் அனுபவத்தில் எடை குறையக் குறையச் சுடுவது எளிது. என்னுடையது டிரிகர்டெக் டயமண்ட், 10 அவுன்ஸில் வைத்திருக்கிறேன், அதாவது 300 கிராமுக்கும் கீழே. விரலை வைத்து நினைத்தால் போதும். ப்ரைமரியைவிட விலை ஏறத்தாழ இரு மடங்கு வரும். இரண்டு மாதம் பொறுத்துக் காசு சேர்த்து டயமண்டே வாங்குங்கள், பிறகு மாற்றவே தோன்றாது.

#3 பட்டறைக்காரர்

தம்பி வேலன், எதை வாங்குவது என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள்.

துப்பாக்கி எந்த ஆண்டுத் தயாரிப்பு? சேஃப்டி (சுடாமல் தடுக்கும் பூட்டு) போட்ட நிலையில் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் தண்டு) திறக்கிறதா? ஸ்டாக்கைக் கழற்றிப் பார்த்தால் டிரிகர் கூட்டின் மேல் சின்னத் திருகுகள் இருக்கும். கம்பெனியில் அவற்றின் தலையில் பூசி விட்ட மெழுகு மாதிரியான பூச்சு அப்படியே இருக்கிறதா, உடைந்திருக்கிறதா?

பதில் வரும்வரை அதில் தோட்டா போட வேண்டாம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை.

#4 வேலன்_ஆஸ்டின்

அண்ணா, இப்போதுதான் கழற்றிப் பார்த்தேன். 1970-களின் கடைசியில் புதிதாக வாங்கியதாகப் பெரியவர் சொன்னார். சேஃப்டி போட்டால் போல்ட் பூட்டிக்கொள்கிறது, திறக்கவில்லை. முன்பக்கத் திருகுகளில் ஒன்றில் பூச்சு உடைந்திருக்கிறது. பின்னால் இருக்கும் திருகில் பூச்சு இருக்கிறது, ஆனால் நிறம் வேறு மாதிரி தெரிகிறது. பெரியவர் தான் தொட்டதில்லை என்கிறார், ஒரு முறை எங்கோ கொடுத்துச் சரிசெய்ததாக மட்டும் நினைவு என்றார்.

#5 பட்டறைக்காரர்

நினைத்தது சரிதான். உங்களிடம் இருப்பது வாக்கர் டிரிகர். மைக் வாக்கர் என்ற ரெமிங்டன் பொறியாளர் வடிவமைத்தது. 1948-இல் வந்த 721, 722 மாடல்களிலேயே இருந்தது, 1962-இல் 700 வந்தபோது அதற்கும் அதையே தொடர்ந்தார்கள். நான் முப்பது வருடம் லேத்திலும் கிரைண்டரிலும் நின்றவன், நல்ல வேலைப்பாட்டைப் பார்த்தால் மதிப்பவன். இந்த டிரிகரில் நல்ல வேலைப்பாடு இருக்கிறது. ஆனால் ஒரு இடத்தில் ஆபத்தும் இருக்கிறது.

மற்ற டிரிகர்களில் நாம் விரல் வைக்கும் துண்டே மேலே நீண்டு சியர் என்ற துண்டைத் தாங்கி நிற்கும். சியர் விழுந்தால் ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி) முன்னே போகும். வாக்கர் டிரிகரில் விரல் துண்டுக்கும் சியருக்கும் நடுவே கனெக்டர் என்று மெல்லிய எஃகுத் துண்டு ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கிறது. டிரிகரோடு அது பிணைக்கப்படவில்லை, ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சுடும் ஒவ்வொரு முறையும் அது டிரிகரை விட்டு ஒரு கணம் விலகித் திரும்ப வந்து ஒட்ட வேண்டும். அந்த இடுக்கில் தூசியோ, கெட்டியாகிப்போன பழைய எண்ணெயோ, பனித்துளியோ சிக்கினால் கனெக்டர் முழுசாகத் திரும்பி வராது. சியருக்கு அடியில் தாங்கல் ஓரத்தில் மட்டும் நிற்கும், சில நேரம் நிற்கவே நிற்காது.

அப்போது சேஃப்டி போட்டிருந்தால் சியரைச் சேஃப்டிதான் தூக்கிப் பிடித்திருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சேஃப்டியை எடுத்த நொடியில் கீழே தாங்கல் இல்லாததால் சியர் இறங்கிவிடும். டிரிகரில் விரலே இல்லாமல் துப்பாக்கி வெடிக்கும்.

உங்கள் துப்பாக்கியில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. 1982-க்கு முன் செய்தவற்றில் சேஃப்டி போட்டால் போல்ட் பூட்டிக்கொள்ளும். தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமானால் சேஃப்டியை எடுத்தே ஆக வேண்டும். வேட்டை முடிந்து, களைத்து, வண்டிப் பக்கத்தில் எல்லாரும் நிற்கும்போதுதான் தோட்டாவை எடுப்போம். 2000-ஆம் ஆண்டு மொன்டானாவில் ஒரு தாய் தன் ரெமிங்டன் 700-இல் தோட்டாவை எடுக்கச் சேஃப்டியை நகர்த்தினார். துப்பாக்கி வெடித்து ஒன்பது வயது மகன் இறந்துபோனான். அந்தப் பையனின் அப்பா பல வருடம் அலைந்து பழைய ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். வாக்கரே 1940-களில் இதற்கு ஒரு திருத்தம் சொல்லியிருக்கிறார் என்பதும், அதற்கு ஒரு துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட் கூடுதலாக ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள் என்பதும் பின்னால் செய்திகளில் வந்தது. ஐந்தரை டாலர் இல்லை, சென்ட்.

அதனால் உங்களுக்கு இப்போதுள்ள கேள்வி எத்தனை பவுண்டு என்பது இல்லை. நீங்கள் இழுக்காதபோது விடாமல் நிற்குமா என்பதுதான்.

#6 மிச்சிகன்_ராஜா

பட்டறைக்காரர் ஐயா மேல் மரியாதை உண்டு, ஆனால் ஒரு மாற்றுக்கருத்து. இந்த டிரிகரோடு லட்சக்கணக்கான துப்பாக்கிகள் இருக்கின்றன. என் மாமனாரிடம் ஒன்று நாற்பது வருடமாக இருக்கிறது, ஒரு தடவையும் தொந்தரவு கொடுத்ததில்லை. தானாக வெடித்த பலவற்றில் யாராவது திருகைத் தொட்டிருப்பார்கள், அல்லது வருடக்கணக்காகச் சுத்தம் செய்யாமல் விட்டிருப்பார்கள். நன்றாகக் கழுவித் திருகைச் சரியாக வைத்தால் மூன்று பவுண்டுக்கு அருமையாக இறங்கும், செலவும் இல்லை.

#7 பட்டறைக்காரர்

ராஜா, நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. திருகைத் தொட்டவற்றில்தான் ஆபத்து அதிகம், கம்பெனியும் நீதிமன்றத்தில் அதைத்தான் சொன்னது. ஆனால் வேலனிடம் இருப்பதும் யாரோ தொட்டதுதானே? பின்பக்கத் திருகு கனெக்டரும் சியரும் எவ்வளவு கவ்வ வேண்டும் என்பதை முடிவு செய்வது. அதன் பூச்சின் நிறம் மாறியிருக்கிறது என்றால் யாரோ திருப்பிவிட்டு மேலே நகப்பூச்சு வைத்திருக்கலாம். எவ்வளவு திருப்பினார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அந்தச் சிக்கல் வரும்போது தடயமும் இருக்காது. வெடித்த அதிர்ச்சியிலேயே இடுக்கில் இருந்த துகள் விழுந்துவிடும். பிறகு பட்டறையில் ஆயிரம் முறை சோதித்தாலும் சரியாகவே வேலை செய்யும். உங்கள் மாமனாரிடம் இருப்பது நாற்பது வருடம் நன்றாக இருந்தது உண்மைதான். நாளைக்கும் அப்படியே இருக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

கம்பெனியே மாற்று டிரிகர் கொடுத்த சமரசத் தீர்ப்பின்படி மனு கொடுக்கும் காலமும் 2020-இல் முடிந்துவிட்டது. இப்போது நம் கைக்காசில்தான் மாற்ற வேண்டும்.

#8 மிச்சிகன்_ராஜா

புரிகிறது ஐயா. மாமனாரிடம் பேசுகிறேன். அவருடையது 1982-க்குப் பிந்தியது என்று நினைக்கிறேன், போல்ட் பூட்டிக்கொள்வதில்லை. கனெக்டர் மட்டும் அதிலும் இருக்கும், இல்லையா?

#9 பட்டறைக்காரர்

ஆமாம், இருக்கும். 1982-இல் போல்ட் பூட்டை எடுத்தார்கள், கனெக்டரை எடுக்கவில்லை. 2006 வாக்கில் வந்த எக்ஸ்-மார்க் ப்ரோ என்ற ரெமிங்டனின் அடுத்த டிரிகரில்தான் கனெக்டர் இல்லை. அதற்கும் 2014 ஏப்ரலில் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. அதற்குக் காரணம் வேறு: பூட்டும்போது ஒட்டுப்பசை அதிகமாக விழுந்திருந்தது. 2006 மே முதல் நாளிலிருந்து 2014 ஏப்ரல் 9 வரை செய்தவை அதில் அடங்கும். பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் இந்தத் தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

#10 கொங்குமகள்

கல்லூரி நாட்களில் கோவையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுட்டவள் நான், இப்போது கொலராடோவில் இருக்கிறேன். எடை பற்றி ஒரு வார்த்தை.

ஏர் ரைஃபிளில் டிரிகருக்குக் குறைந்தபட்ச எடை என்று விதி கிடையாது, அதனால் 100 கிராமுக்கும் கீழே வைப்போம். ஆனால் அது இருநிலை டிரிகர். முதல் நிலையில் விரல் தளர்வாகப் போய் ஒரு சுவரில் முட்டும், அங்கே நின்று குறியைப் பார்த்துவிட்டு அதற்கப்புறம் இழுப்போம். இங்கே வந்து வேட்டைத் துப்பாக்கி எடுத்தபோது மூன்று பவுண்டு என்றதும் மலைத்தேன். ஒரு மாதம் பழகிய பிறகு எடை எனக்குப் பொருட்டாகவே இல்லை. வேலன் சொன்ன மணல் உணர்வுதான் உண்மையான தொல்லை. க்ரீப் என்பார்களே, அது. பரப்பு பரப்போடு உரசி நகர்வதை விரல் உணர்ந்துவிடும். உணர்ந்ததும் மனம் இப்போது விடும், இப்போது விடும் என்று எதிர்பார்க்கத் தொடங்கும். எதிர்பார்த்தால் தோள் இறுகும், குண்டு கீழே போகும்.

மூன்று பவுண்டு என்றாலும் கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் ஒரே இடத்தில் ஒடிகிற டிரிகரை வைத்து நன்றாகச் சுடலாம். ஒன்றரை பவுண்டில் இழுபடும் டிரிகரை வைத்துச் சுட முடியாது. எடை ஒவ்வொரு முறையும் மாறாமல் இருப்பதும் முக்கியம். வேலனுக்கு ஒன்றரை பவுண்டு வித்தியாசம் வருகிறதே, அதோடு விரல் எப்படிப் பழகும்?

#11 குளிர்காடு_மினசோட்டா

நெடுந்தூரம் சொன்ன 10 அவுன்ஸ் பற்றி என் கதையைச் சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் ஆசைப்பட்டேன். ஒரு மிக லேசான டிரிகர் வாங்கி, ஒரு பவுண்டுக்கும் கீழே இறக்கி வைத்துக்கொண்டு வேட்டைக்குப் போனேன். நவம்பர் இரண்டாவது வாரம், வெப்பம் பூஜ்யத்துக்கு 15 டிகிரி கீழே. தடித்த கையுறை. மரத்தின் மேல் நான்கு மணி நேரம் உட்கார்ந்ததில் விரலில் உணர்வே இல்லை. மான் வந்தது. சேஃப்டியை எடுத்து விரலை உள்ளே கொண்டுபோனேன். டிரிகரைத் தொட்டேனா என்றே எனக்குத் தெரியவில்லை, துப்பாக்கி வெடித்துவிட்டது. குழல் மானுக்கு முன்னால் இருந்த மண்ணைப் பார்த்திருந்தது, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலம் வரை கை நடுங்கியது.

டிரிகரில் பழுது இல்லை. அந்தக் குளிருக்கும் அந்தக் கையுறைக்கும் பொருந்தாத எடையை நான்தான் வைத்திருந்தேன். இப்போது மூன்று பவுண்டு. டெக்சஸில் இந்தக் குளிர் இல்லைதான், ஆனால் மானைப் பார்த்ததும் எல்லாருக்கும் நெஞ்சு படபடக்கும். இரண்டரைக்குக் கீழே போகாதீர்கள்.

இன்னொன்று, டிரிகருக்குள் எண்ணெய் விடாதீர்கள். குளிரில் கெட்டியாகி ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து துப்பாக்கியைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் உள்ளே நீர் கோக்கும், மறுநாள் காட்டில் அது பனியாக உறையும். நான் உறையோடு வெளி அறையிலேயே விட்டுவிடுகிறேன். லைட்டருக்கு ஊற்றும் திரவத்தால் டிரிகரைக் கழுவிக் காயவிட்டால் போதும்.

#12 நெடுந்தூரம்

குளிர்காடு அண்ணா சொன்னதைப் படித்தபின் என் முதல் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். போட்டியில் நாங்கள் தரையில் படுத்தோ தடுப்பின் மேல் வைத்தோ குழல் இலக்கைப் பார்த்த பிறகுதான் போல்ட்டையே மூடுவோம். இடம் மாறும்போது போல்ட் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். தோட்டா ஏற்றிய துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் நிலையே எங்களுக்கு இல்லை. 10 அவுன்ஸ் அங்கே சரி. வேலன் வேலிதாண்டி நடக்கப் போகிறவர். ப்ரைமரியே போதும்.

#13 வேலன்_ஆஸ்டின்

இவ்வளவு அக்கறையோடு எழுதிய எல்லாருக்கும் நன்றி. துப்பாக்கியைப் பூட்டி வைத்துவிட்டேன், டிரிகர் மாற்றும்வரை எடுக்க மாட்டேன். பட்டறைக்காரர் அண்ணா, டிம்னி, டிரிகர்டெக் இரண்டுக்கும் உள்ளே என்ன வித்தியாசம்?

#14 பட்டறைக்காரர்

இரண்டிலும் கனெக்டர் இல்லை, அதனால் எதை வாங்கினாலும் உங்கள் முதல் கவலை தீர்ந்தது.

டிம்னி 1946-லிருந்து டிரிகர் செய்கிறவர்கள், இப்போது அரிசோனாவில் ஃபீனிக்ஸில் இருக்கிறார்கள். 510 பழைய பாணி. எஃகு முனை எஃகு முனையைக் கவ்வும், அந்த முனைகளை மிக நன்றாகத் தீட்டியிருப்பார்கள். ஒன்றரை முதல் நான்கு பவுண்டு வரை வைக்கலாம், பொதுவாக மூன்றில் வைத்து அனுப்புகிறார்கள். முனை தெளிவாக ஒடியும், விட்டபின் சிறிது நகர்வு இருக்கும், அதையும் திருகால் குறைக்கலாம். கவ்வும் அளவையும் வாங்குபவரே மாற்ற முடியும். எனக்கு அது பிடிக்கும், தெரியாதவர் கையில் அது வேண்டாம்.

டிரிகர்டெக் கனடாக்காரர்களுடையது. அவர்கள் சியருக்கும் டிரிகருக்கும் இடையே ஒரு சின்ன உருளையை வைத்துவிட்டார்கள். நம் ஊரில் கனமான பெட்டியைத் தரையில் இழுப்பதற்குப் பதிலாக அடியில் நாலு குழாயைப் போட்டுத் தள்ளுவோமே, அதே வேலை. உரசல் போய் உருளலாகிவிடுகிறது. இதில் எனக்குப் பிடித்தது அந்த வழுவழுப்பு மட்டும் இல்லை. சாதாரண டிரிகரில் க்ரீப்பைக் குறைக்க வேண்டுமானால் கவ்வும் அளவைக் குறைக்க வேண்டும், குறைத்தால் அதிர்ச்சியில் நழுவும் அபாயம் கூடும். உருளை இருந்தால் நிறையக் கவ்வ விட்டாலும் விரலுக்குத் தெரிவதில்லை. பாதுகாப்பையும் தெளிவையும் ஒன்றுக்காக ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. திருகும் கிளிக் கிளிக் என்று நிற்கும், தானாகத் தளராது. ப்ரைமரி ஒன்றரை முதல் நான்கு பவுண்டு.

ஜுவல் என்று டெக்சஸ்காரர்களே செய்வது ஒன்று உண்டு, ஒன்றரை அவுன்ஸ் வரைகூட இறங்கும். மேசையில் வைத்துச் சுடுபவர்கள் பல வருடம் அதைத்தான் கொண்டாடினார்கள். புழுதியில் அலையும் துப்பாக்கிக்கு நான் போட மாட்டேன். ஆஸ்திரியாவின் பிக்ஸ் அண்ட் ஆண்டி அருமை, ஆனால் உங்கள் பட்ஜெட் இல்லை.

என் தேர்வு ப்ரைமரி, இரண்டே முக்கால் பவுண்டு. வாங்கும்போது போல்ட் ரிலீஸ் (போல்ட்டைக் கழற்ற உதவும் சின்ன நெம்பு) உள்ளதையே கேட்டு வாங்குங்கள். ரெமிங்டன் வடிவத்தில் வரும் மற்ற கம்பெனி ஆக்‌ஷன்களுக்கு அது இல்லாத வகையும் விற்கிறார்கள், மாற்றி வாங்கினால் போல்ட்டைக் கழற்ற முடியாது.

#15 டொராண்டோ_சிவா

அண்ணை, இழையைத் திருப்புவதற்கு மன்னிக்கவும். என்னிடம் டிக்கா டி3எக்ஸ் இருக்கிறது. அதற்கும் டிரிகர்டெக் போடலாமா என்று யோசிக்கிறேன்.

#16 பட்டறைக்காரர்

சிவா தம்பி, முதலில் அதிலேயே உள்ள திருகை இறக்கிப் பாருங்கள். டிக்கா டிரிகர் கம்பெனியிலிருந்து வரும்போதே ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு பவுண்டு வரை மாற்றக்கூடியது, தெளிவாகவும் ஒடியும். அந்தக் காசுக்குத் தோட்டா வாங்கிச் சுடுங்கள்.

#17 வேலன்_ஆஸ்டின்

வந்துவிட்டது, சனிக்கிழமை போட்டேன். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, சேம்பரை (தோட்டா உட்காரும் அறையை) விரல்விட்டுப் பார்த்த பிறகே தொடங்கினேன். இரண்டு பின்களைத் தட்டி எடுத்தால் டிரிகர் கீழே வந்துவிடுகிறது. போல்ட் நிறுத்தியின் சின்ன ஸ்பிரிங் எகிறி ஓடியது. அரை மணி நேரம் கம்பளத்தில் தேடினேன். துணி விரித்தும் பயனில்லை, அடுத்த முறை பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத்தான் கழற்றுவேன்.

பழைய டிரிகரைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கனெக்டர் இடுக்கில் பழுப்பாக, அரக்குபோல் ஒன்று ஒட்டியிருக்கிறது. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது.

ஒரு சிக்கல். ஸ்டாக்கில் பூட்டிய பிறகு சேஃப்டி முழுதாகப் பின்னால் போகவில்லை, பாதியில் நிற்கிறது. ஸ்டாக் இல்லாமல் சரியாக நகர்கிறது. சேஃப்டித் தண்டைக் கொஞ்சம் அராவலாமா?

#18 பட்டறைக்காரர்

டிரிகரில் எதையும் அராவ வேண்டாம். மரம்தான் இடிக்கிறது. புது டிரிகரின் கூடு கொஞ்சம் அகலம். மெழுகுவத்திப் புகையைத் தண்டின் பக்கவாட்டில் பிடித்து, ஸ்டாக்கைப் பூட்டி, சேஃப்டியை நகர்த்திவிட்டுக் கழற்றுங்கள். மரத்தில் கரி ஒட்டிய இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். தேய்த்த மரத்துக்குக் கொஞ்சம் எண்ணெய் பூசி மூடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் குடித்து மறுபடி வீங்கும்.

அப்புறம் தோட்டா இல்லாமல் சோதனை. போல்ட்டை மூடி, சேஃப்டி போட்டு, டிரிகரை நன்றாக அழுத்தி விடுங்கள். விரலை எடுத்துவிட்டுச் சேஃப்டியை எடுங்கள். ஃபயரிங் பின் விழவே கூடாது. போல்ட்டை வேகமாக இருபது முறை அடித்து மூடுங்கள், ஒரு முறையும் விழக்கூடாது. பிறகு சேஃப்டி எடுத்த நிலையில் ஸ்டாக்கின் அடிப்பகுதியை ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள், பக்கவாட்டிலும் தட்டுங்கள். ஒரே ஒரு தடவை விழுந்தாலும் நிறுத்திவிட்டுத் தேர்ந்த துப்பாக்கிப் பழுதுக்காரரிடம் கொண்டுபோங்கள்.

சுத்தம் செய்யும்போது போர் கைடு (சுத்தம் செய்யும் கம்பியைக் குழலுக்குள் நேராக விடும் குழாய்) போடுங்கள். இல்லாவிட்டால் குழலில் ஊற்றும் கரைப்பான் எல்லாம் வழிந்து நேராக டிரிகருக்குள்தான் போகும். உங்கள் பழைய கனெக்டரில் பார்த்த அரக்கு அப்படித்தான் சேர்ந்திருக்கும்.

#19 வேலன்_ஆஸ்டின்

கரி சரியாக இடது விளிம்பில் ஒட்டியது. நூலளவு தேய்த்ததும் சேஃப்டி சட்டென்று போய் நிற்கிறது. சோதனை எல்லாம் இரண்டு முறை செய்தேன், ஒரு தடவைகூட விழவில்லை. சேஃப்டி போட்டபடியே போல்ட் திறக்கிறது. தோட்டாவை எடுக்கச் சேஃப்டியைத் தொடவே வேண்டியதில்லை, அதுவே பெரிய நிம்மதி.

இன்று ரேஞ்சுக்குப் போனேன். பத்து முறை அளந்ததில் இரண்டே முக்காலுக்கு இரண்டு அவுன்ஸ் மேலே கீழே, அவ்வளவுதான். மணல் மூட்டையில் வைத்துச் சுட்டால் 100 கெஜத்தில் குண்டுகள் விழும் பரவல் பழைய அளவேதான், ஒன்றேகால் அங்குலம். குழல் அதே குழல்தானே. ஆனால் முழங்காலிட்டுச் சுடும்போது முன்பு தட்டு அளவுக்குச் சிதறியவை இன்று உள்ளங்கைக்குள் விழுந்தன. கொங்குமகள் சொன்ன எதிர்பார்ப்பு என்னிடம் இருந்திருக்கிறது, அது போனபிறகுதான் தெரிகிறது.

பழைய டிரிகரை என்ன செய்வது? இணையத்தில் ஒருவர் 40 டாலருக்குக் கேட்கிறார்.

#20 பட்டறைக்காரர்

விற்காதீர்கள் தம்பி. அவர் அதை இன்னொரு துப்பாக்கியில் போடுவார்.

#21 வேலன்_ஆஸ்டின்

வைஸில் பிடித்துச் சுத்தியலால் நசுக்கிவிட்டேன் அண்ணா. கனெக்டரைத் தனியாக எடுத்துப் பெரியவருக்குப் படம் அனுப்பினேன். நாற்பது வருடம் பேரப்பிள்ளைகளோடு காட்டுக்குப் போனதை நினைத்து அவர் வெகுநேரம் பேசவில்லை. அவருடைய தம்பியிடமும் ஒரு 700 இருக்கிறதாம். வரும் ஞாயிறு அதைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.